ஐம்பது எம்.எம். லென்ஸும் இருபத்தாறு பெண்களும்

ஒன்பது வருடம் நான் பிறர் எடுத்த படங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிற வேலை. கண்ணை மூடிவிட்ட மாப்பிள்ளைக்கு அடுத்த படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து வைப்பேன். பெண்ணின் தோளில் விழுந்த டியூப்லைட் வெளிச்சத்தை அழிப்பேன். வரிசையில் நிற்க வராமல் கோபித்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்துவிட்ட மாமாவைக் கூட, சாப்பிடுகிற படத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தியிருக்கிறேன். ஒருமுறை ஒரு அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க கொழுந்தனாருக்கு மட்டும் சிரிப்பு வச்சிராதம்மா. அவரு சிரிச்சா யாருன்னே தெரியாமப் போயிரும்." இப்படிப்பட்ட பேச்சுகளுக்காகவே நான் அந்த வேலையில் இருந்தேன் என்று சொல்லலாம்.

ஆனால் ஒரு படம்கூட நானாக எடுத்ததில்லை. சமையல் செய்யாமல் ஒன்பது வருடம் உப்பு மட்டும் சரிபார்த்தவள் மாதிரி.

முதலாளி ஸ்டுடியோவை மூடிவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். என் கணவர் எங்களை விட்டுப் போய் அதற்கு முன்பே நான்கு வருடம் ஆகியிருந்தது. ஏழாவது படிக்கிற மகளும் நானும் வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறையில் இருந்தோம். இங்கே வேறு வேலை கிடைக்காவிட்டால் ஆழ்வார்குறிச்சியில் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணன் நல்லவன், அதிகம் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்து மதினி பேசுவாள். வேலை போன செய்தியைச் சொன்னதும் போனில் சொன்னாள்: "வாங்களேன், தாராளமா வந்து இருங்க. இருக்கிற சோத்துல ரெண்டு கை கூடப் போட்டாப் போச்சு. தட்டுதான் இல்ல, வாங்கிக்கிடலாம்." நேர்த்தியைப் பாருங்கள். ஒரு சொல் கூடக் குறை சொல்ல முடியாது. போனை வைத்தேன். அந்த வீட்டுக்கு மட்டும் போகக்கூடாது என்று நினைத்தேன்.

அப்போதுதான் மேலப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். மூடிக் கிடந்த ஸ்டுடியோவுக்குப் போய், பக்கத்து டீக்கடையில் விசாரித்து, என் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே நின்றார். அவருடைய மூத்த மகனின் கல்யாணத்தில் ஆண்கள் பக்கத்து ஆல்பத்தை நான்தான் செய்திருந்தேன். இப்போது கடைசி மகளுக்கு நிக்காஹ்.

"பொம்பளைங்க பக்கம் படம் எடுக்க ஒரு பொம்பளை வேணும். நீ வந்து எடும்மா" என்றார்.

"எனக்குத் திருத்தத்தான் தெரியும், உம்மா. எடுக்கத் தெரியாது."

"திருத்தத் தெரிஞ்சவளுக்கு எடுக்கத் தெரியாதாக்கும்? அரிசியில கல்லு பாக்கவளுக்குச் சோறு பொங்கத் தெரியாமலா இருக்கும்?"

அவர் கேட்டது பெரிய ஆல்பம் கூட இல்லை. அவரோடு பிறந்த அக்கா தங்கைகள் நான்கு பேர். மூத்த அக்கா துபாயில் மகனோடு இருப்பவர். பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஐந்து பேரும் ஒரே வீட்டில் சேரப் போகிறார்கள். "அஞ்சு பேரும், எங்க பிள்ளைங்க, பேத்திங்க, மருமக்கமாரு எல்லாரும் ஒரே படத்துல இருக்கணும். மத்தப் படம் முன்னபின்ன இருந்தாலும் பரவாயில்ல. அந்த ஒண்ணு எனக்கு வேணும்" என்றார்.

பிறகு ஒரு கட்டுப்பாடு சொன்னார். அந்த வீட்டு வழக்கம் அது. படம் எடுத்து முடித்ததும் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். படம் ஸ்டுடியோ, கம்ப்யூட்டர் என்று எங்கும் போகக் கூடாது. பிற ஆண்கள் கண்ணில் படக் கூடாது. பிரிண்ட் போடுவதை அவர்கள் வீட்டு மருமகளே பார்த்துக்கொள்வாள்.

"அப்ப நான் எடுத்த படத்தை நாலு பேருக்குக் காட்டி அடுத்த வேலை கேக்க முடியாதே, உம்மா."

"காட்ட வேண்டாம். பாத்தவளுக சொல்லுவாளுக. எங்க தெருவுலயே இந்த வருஷம் மூணு கல்யாணம் இருக்கு. இது நல்லா வந்துட்டா நீ வீட்டுல உக்கார முடியாதும்மா."

அவர் படி இறங்கிப் போன பிறகும் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டே நின்றேன். மூன்று கல்யாணம் என்றால் மகளை அதே பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கலாம். அதே அறையில் இருக்கலாம்.

கழுத்தில் இருந்த சங்கிலியை விற்றுவிட்டுக் கேமராக் கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி முன்பு கல்யாண வீடுகளில் படம் எடுத்தவர். முழங்கால் தேய்ந்த பிறகு பழைய கேமராக்களை வாங்கி விற்கிறார். எல்லோரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் என்கிற புதுக் கேமராக்களுக்கு மாறிக்கொண்டிருந்ததால், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் வாங்குகிற சின்ன டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் அவர் கண்ணாடி அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கேமராவைத் தேர்ந்தெடுப்பதில் சிரமம் இல்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். லென்ஸில்தான் சிக்கல்.

இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று, கேமராவோடு சேர்ந்தே வருகிற பதினெட்டு–ஐம்பத்தைந்து. வளையத்தைத் திருப்பினால் அகலமாகவும் காட்டும், கொஞ்சம் கிட்டத்திலும் காட்டும். ஆனால் இருட்டில் திணறும், தனியாக ஒரு ஃபிளாஷ் வேண்டும். இன்னொன்று ஐம்பது எம்.எம். திருப்ப முடியாது, நாம்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். ஆனால் ஜன்னல் வெளிச்சம் போதும். முகம் துலங்கும், பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சாகக் கரையும்.

இரண்டில் ஒன்றைத்தான் என்னால் வாங்க முடியும்.

அண்ணாச்சி முதல் லென்ஸை என் பக்கம் நகர்த்தினார். "ஏம்மா, முதமுதல்ல போற. இதை எடுத்துட்டுப் போ. பாக்கச் சப்புன்னுதான் இருக்கும். ஆனா எந்த வீட்டுக்குள்ள தள்ளிவிட்டாலும் சமாளிச்சிரும்."

நான் ஐம்பதைக் கையில் எடுத்துக்கொண்டேன். காரணம் இருந்தது. ஸ்டுடியோவில் ஒவ்வொரு படத்தோடும் அது எந்த லென்ஸில், எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்ற குறிப்பு கம்ப்யூட்டரில் தெரியும். என்னைத் திருத்தவே விடாமல், கையைக் கட்டி உட்காரவைத்த படங்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஐம்பது என்றே இருக்கும். இங்கேயோ திருத்த வழியே இல்லை. கார்டை அங்கேயே கொடுத்துவிட்டு வர வேண்டும். அப்படியானால் திருத்தம் கேட்காத லென்ஸ்தானே வேண்டும்? ஒன்பது வருட அனுபவத்தைக் கூட்டிக் கழித்து நான் எடுத்த முடிவு அது.

"இரு, ஒண்ணு சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. "நீ பாத்த படமெல்லாம் பெரிய கேமராவுல எடுத்தது. இது சின்னது. இதுல அதே ஐம்பதைப் போட்டா இன்னும் கிட்டப் போய் நிக்கும், பாத்துக்கோ."

கிட்டப் போய் நின்றால் நல்லதுதானே என்று நான் நினைத்தேன். முகம் இன்னும் பெரிதாக வரும். அவர் சொன்னதன் அர்த்தம் அதுவல்ல என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உறைக்கிற நிலையிலும் நான் இல்லை.

வீட்டுக்கு வந்து மகளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து எடுத்தேன். இமை முடியை எண்ணலாம் போல இருந்தது. மோவாயில் இருந்த சின்னத் தழும்பு, காதோரப் பூனைமுடி, எல்லாம் கொள்ளை அழகு. "யம்மா, இது நானா?" என்று மகளே வாங்கி வாங்கிப் பார்த்தாள். ஒரு வாரம் அவளையே எடுத்தேன். படிக்கும்போது, தலை பின்னும்போது, தூங்கும்போது. எங்கள் வீட்டில் படம் எடுக்க இருந்தது அந்த ஒரே ஆள்தான். கூட்டத்தை வைத்து எடுத்துப் பார்க்க நான் எங்கே போவேன்?

நிக்காஹ் அன்று காலையிலேயே போய்விட்டேன். முன்வாசல் பந்தலில் ஆண்கள். பின்பக்கம் நெய்ச்சோறு வேகிற தேக்சா அண்டாக்களைச் சுற்றிச் சமையல்காரர்கள். இரண்டுக்கும் நடுவில் பெண்களுக்கான உள் கூடம். வாசல் குறுகலாகவும் வீடு நீளமாகவும் போகிற பழைய வீடு அது. உள் கூடத்தை நான் முன்கூட்டிப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நுழைந்ததும் அத்தரும் மல்லிகையும் நெய்ச்சோறும் கலந்த வாசனை. அதற்குள் இருபத்தைந்து முப்பது பெண்கள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு.

முதல் இரண்டு மணி நேரம் நான் ராணி மாதிரி இருந்தேன். மணப்பெண்ணின் மருதாணிக் கை, கல் வைத்த நெற்றிச்சுட்டி, சுர்மா மை இட்ட கண். ஒவ்வொன்றையும் கேமராவின் பின்திரையில் பார்த்துப் பெண்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அக்காவை அவர்கள் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். "லாத்தா, இங்கன பாருங்க, நம்ம பிள்ள எப்படி இருக்கான்னு." "என்னையும் இப்படி எடு பிள்ள, என் சுருக்கத்தையெல்லாம் விட்டுட்டு எடு." "அதை விட்டா உன் மூஞ்சியில மிச்சம் என்ன இருக்கு?" அந்த இரண்டு மணி நேரம் மதினியின் குரல் என் காதில் விழவில்லை.

சாப்பாட்டுக்கு முன் அந்த அம்மா கையைத் தட்டினார். "எல்லாரும் வாங்க. படம்."

துபாய் அக்கா நடுவில் நாற்காலியில். பக்கத்தில் மற்ற நால்வர். பின்னால் மகள்கள், மருமகள்கள், கீழே பேத்திகள். எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு பேர். கேமராவைக் கண்ணில் வைத்தேன். நான்கு பேர் தெரிந்தார்கள்.

ஒரு அடி பின்னால் போனேன். இன்னும் ஒரு அடி. முதுகு சுவரில் இடித்தது. மறுபடி கண்ணை வைத்தேன். துபாய் அக்காவும் இரண்டு பக்கமும் ஒன்றரை ஆளும், பின்னாலும் கீழேயுமாக நாலைந்து பேரும். அப்போதுதான் அண்ணாச்சி சொன்ன "கிட்டப் போய் நிக்கும்" எனக்குப் புரிந்தது. கேமரா கிட்டே போய் நிற்கிறது. என்னைப் பின்னால் போகச் சொல்கிறது. பின்னால் சுவர்.

"இன்னும் நெருங்கி நில்லுங்க" என்றேன். நெருங்கினார்கள். "இன்னும் கொஞ்சம்." பட்டுச்சேலைகள் நசுங்கின. "இதுக்கு மேல நெருங்கணும்னா ஒருத்தி வயித்துல ஒருத்தி போகணும்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

சமையலறை வாசலுக்குள் இறங்கி நின்று பார்த்தேன். நிலைச்சட்டம் பாதிப் பேரை மறைத்தது. பக்கச் சந்தில் நின்று ஜன்னல் வழியாக எடுக்கட்டுமா என்று கேட்டேன். திரையை விலக்கினால் பந்தலிலிருந்து தெரியும் என்றார் அந்த அம்மா. மொட்டை மாடி? சுற்றி நான்கு பக்கமும் மாடி வீடுகள். "இந்தக் கோலத்துல அங்கன எப்படிம்மா நிப்பாளுக?" அவர் இன்னும் பொறுமையாகத்தான் பேசினார்.

அப்போது ஒன்று நடந்தது. நான் கேட்காமலே, ஓரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலக ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு மருமகள், "நான் பிள்ளைக்குப் பால் குடுக்கணும்" என்று போனாள். பிறகு ஐந்து பேரில் மூன்றாவது அக்கா. பிள்ளை இல்லாதவர், கணவரை இழந்தவர், தங்கை வீட்டில் இருப்பவர். இதெல்லாம் காலையிலேயே அவராகச் சிரித்துக்கொண்டு என்னிடம் சொல்லியிருந்தார். இப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நான் விலகிக்கிடுதேன். இருக்கவங்க நல்லா விழட்டும். என் படத்தை எடுத்துப் பாக்க யாரு இருக்கா?"

அவர் சுவரோரம் போய் நின்ற விதத்தைப் பார்த்ததும் நான் கேமராவைக் கீழே இறக்கினேன். அவர் பைய நகர்ந்தார். யாருடைய சேலையையும் மிதிக்காமல், யாரையும் இடிக்காமல். பல வருடம் பழகிய நடை அது. ஆழ்வார்குறிச்சி வீட்டில் எங்கே நிற்க வேண்டும், எப்படி நகர வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று தோன்றியது.

"லாத்தா, நீங்க விலகாதீங்க" என்றேன். "யாரும் விலக வேண்டாம். தப்பு என் பேருல. நான் வாங்கிட்டு வந்த லென்ஸ் தப்பு. இதுல இவ்வளவு பேரு விழமாட்டாங்க."

துபாய் அக்கா நாற்காலியிலிருந்து திரும்பித் தங்கையைப் பார்த்தார்.

"மூத்தவன் கல்யாணத்துல ஸ்டுடியோக்காரன் ஆம்பளைங்களை எடுக்கும்போது எல்லாரும் விழுந்தாங்களே?" என்றார் அந்த அம்மா.

"அது வேற லென்ஸ், உம்மா. மூணு படமா எடுத்துருதேன். உங்க மருமக கம்ப்யூட்டர்லயே, இந்த வீட்டுக்குள்ள உக்காந்து, ஒண்ணா சேத்துத் தாரேன். கோடு கூடத் தெரியாது. ஒன்பது வருஷம் அந்த வேலைதான் செஞ்சேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "வெட்டி ஒட்டுன படம்னா அக்கா துபாய்ல இருக்கும்போதே செஞ்சிருக்கலாமேம்மா. இன்னைக்கு நாங்க ஒண்ணா நின்னோம். அதைத்தான் கேட்டேன்."

மூன்றாக எடுத்தேன். நடுவில் ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று. மூன்றிலும் முகங்கள் துலங்கின. கார்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுத்து, தூக்குவாளியில் நெய்ச்சோறும் கறியும் மகளுக்கென்று நிறைத்துத் தந்தார். வாசல் வரை வந்து சொன்னார்: "உன்னைப் பத்தி ஒருத்திகிட்டயும் தப்பாச் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டா மறைக்கவும் மாட்டேம்மா."

மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் ஷட்டர் முன்னால் நின்றேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேம்லா" என்று மட்டும் சொன்னார். ஐம்பதை வாங்கிக்கொண்டு, பதினெட்டு–ஐம்பத்தைந்தை மாற்றிக் கொடுத்தார். எங்கோ கிடந்த ஒரு பழைய ஃபிளாஷையும் சும்மாவே பைக்குள் போட்டார். அங்கிருந்து நேராக மேலப்பாளையம் பஸ். ஆற்றுப்பாலத்தில் நெரிசல். பஸ் நகராத ஒவ்வொரு நிமிடமும் இறங்கி ஓடிவிடலாம் என்று தோன்றியது. பாதிப் பேராவது வீட்டில் இருப்பார்கள், மீதிப் பேரை வரச்சொல்லலாம், சம்பளமே வேண்டாம், முக்காடு போட்டுக்கொண்டு நின்றாலும் போதும் என்றெல்லாம் மனதுக்குள் பேசிக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவர் அந்த அம்மாதான். "வேற லென்ஸ் கொண்டாந்துட்டேன், உம்மா. இதுல எல்லாரும் விழுவாங்க. கூப்பிடுங்க."

"யாரைக் கூப்பிட? அக்கா ராத்திரியே திருவனந்தபுரம் போய் விமானம் ஏறியாச்சு. சின்னவ காயல்பட்டணம் போயிட்டா. பொண்ணு மாமியார் வீட்டுல." கதவை அகலத் திறந்து, "உள்ள வா. வெயில்ல வந்திருக்க" என்றார்.

கூடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். தேநீர் கொண்டுவந்தவர் மூன்றாவது அக்கா. நான் பையிலிருந்து கேமராவை எடுத்ததைப் பார்த்து, "இவ்வளவு தூரம் வந்துட்டா. நம்ம ரெண்டு பேரையாவது எடுத்துட்டுப் போகட்டுமே" என்றார் தங்கையிடம். இருவரும் சுவரோரம் நின்றார்கள். பதினெட்டில் வைத்துப் பார்த்தேன். கூடம் முழுக்க விழுந்தது. இந்தச் சுவர், அந்தச் சுவர், மேலே விசிறி, கீழே ஈரத்தரை, எல்லாம். நடுவில் இரண்டு பெண்கள் சின்னதாக நின்றார்கள். அவர்களுக்கு இடமும் வலமும் பத்துப் பத்துப் பேர் தாராளமாக நிற்கலாம்.

எடுத்தேன். கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்க தெருவுல அடுத்த கல்யாணம்..."

அந்த அம்மா தேநீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேத்து பந்தியிலயே கேட்டுட்டாளுக. நான் மறைக்கல. தூத்துக்குடியில ஒரு பொம்பளப் பிள்ள எடுக்குதாளாம். அவளைச் சொல்லியாச்சு."

அதற்குப் பிறகும் ஒரு மாதம் பார்த்தேன். பள்ளிக்கூட ஆண்டுவிழா, காதுகுத்து, ரேஷன் கார்டுக்குப் படம் என்று எதையாவது கேட்டு அலைந்தேன். எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "இதுக்கு முன்ன எடுத்ததைக் காட்டுங்க." காட்ட என்னிடம் இருந்தது என் மகளின் படங்கள் மட்டும். நல்ல படங்கள்தான். ஒரு ஆளின் படத்தை வைத்துக்கொண்டு யாரும் கூட்டத்தை நம்பி ஒப்படைக்க மாட்டார்கள், அதில் தவறும் இல்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். மதினிதான் எடுத்தாள். என் குரலைக் கேட்டதும், அதிசயமாக, பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். "எப்ப வாரீங்க?" என்றாள். அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மகள் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருந்தாள்.

"அங்கன பள்ளிக்கூடத்துல இதே புஸ்தகம்தானா, யம்மா?"

"இதேதான்."

"அப்ப அட்டையைக் கழட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அட்டையில் எழுதியிருந்த பழைய பள்ளியின் பெயரை மட்டும் பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்தாள்.